சுவரில் பெரிய எட்டுக்கால் பூச்சி: பயத்தோடு குடித்தனம் நடத்துவது

ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டதும் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறதே ஒரு எட்டுக்கால் பூச்சி, அது நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரே இனம்தான். அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. இயற்கை ஆய்வாளர் லின்னேயஸ் 1767-லேயே பதிவு செய்துவிட்டார். கப்பல் சரக்கோடும் வாழைத்தாரோடும் வெப்ப நாடுகள் முழுக்கப் பரவி, மனுஷர் கட்டிய வீட்டையே தன் வீடாக்கிக்கொண்டது. சென்னையில் பார்ப்பதும் யாழ்ப்பாணத்தில் பார்ப்பதும் ஹவாயில் பார்ப்பதும் இதே ஆள்தான்.

இதைக் கண்டு நடுங்குபவர்களுக்கு இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பகுதி இங்கிலாந்துக்காரர்கள் எழுதியவை. அவர்கள் வீட்டுச் சிலந்தி வேறு. எரடிஜீனா என்ற அந்த வகைக்கு வழவழப்பான பரப்பில் ஏறத் தெரியாது. குளியல் தொட்டிக்குள் விழுந்தால் மேலே வர முடியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பது அதனால்தான். அதன்மேல் ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து அடியில் போஸ்ட்கார்டைச் செருகினால் வேலை முடிந்தது. நம் சிலந்தியிடம் இது நடக்காது. இதன் கால் நுனிகளில் ஒட்டிப் பிடிக்கும் மெல்லிய மயிர்க் கற்றைகள் உண்டு. டைல்ஸ், கண்ணாடி, பிளாஸ்டிக் என்று எதில் வேண்டுமானாலும் ஓடும். டம்ளர் வாய்க்குள் இதன் கால்கள் அடங்கவும் அடங்காது. லண்டனில் இருக்கும் நம்மவர்கள், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஆண் சிலந்திகள் துணை தேடி அலையும் காலத்தில், டம்ளரை நம்பலாம். தாம்பரத்தில் இருப்பவர் நம்பக்கூடாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலந்தியே வராத வீடு நம் ஊரில் கிடையாது. வரத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான். பயத்தோடு வாழ்கிறவருக்கு அதைவிட அவசரமாக வேண்டியது, கண்ணில் பட்ட நொடியிலிருந்து அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒரு நிலையான வழக்கம். அது இல்லாத வீட்டில் பயம் ஒவ்வொரு அறையாகப் பிடுங்கிக்கொண்டே போகும். முதலில் பரண் போகும். அப்புறம் பின்பக்க பாத்ரூம். அப்புறம் இருட்டிய பிறகு கொல்லைப்பக்கம். கடைசியில் ஹாலில் லைட்டை அணைக்காமல் தூங்குவதில் வந்து நிற்கும்.

பார்த்தது எது?

உடல் மட்டும் 2 முதல் 3 சென்டிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கால்களை விரித்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர், அதாவது மிஞ்சிப் போனால் ஒரு சிடி தட்டின் அகலம். பயத்தில் பார்க்கும் கண் இதைப் பெரிதாக்கும். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலந்திப் பயம் அதிகமானவர்கள் பார்த்த சிலந்தியின் அளவைக் கூட்டியே மதிப்பிட்டார்கள். ஆகவே "தட்டு அளவு இருந்துச்சு" என்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. பிடித்த பிறகு டப்பாவுக்கு வெளியே ஸ்கேலை வைத்து அளந்து, நாளையும் அளவையும் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கண் சொல்வதோடு மோத ஒரு எண் கையில் இருக்கும்.

பழுப்பு நிறம், தட்டையான உடல், முகத்துக்கு முன்னால் மீசை போல வெளிர் பட்டை: இவ்வளவு போதும் அடையாளத்துக்கு. கால்கள் நண்டுக்குப் போலப் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நேராக ஓடுவதைவிடப் பக்கவாட்டில் வேகமாக நழுவும். ஒல்லியான இடுக்கிலும் புகுந்துவிடும். இது வலை பின்னாது. மூலையில் தொங்கும் ஒட்டடை வேறு சிலந்திகளுடையது, ஊசிக்கால் வகைகளுடையது. வாராவாரம் ஒட்டடை அடித்தும் பெரியது குறையவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. ஒட்டடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ராத்திரியில் சுவரில் அசையாமல் நின்று, கரப்பான் நடக்கும் அதிர்வு காலுக்கு எட்டியதும் பாய்ந்து பிடிப்பதுதான் இதன் பிழைப்பு. மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பது நம்மை முறைப்பதற்காக இல்லை. கரப்பான், பாச்சை, எப்போதாவது பல்லிக் குஞ்சு, இதெல்லாம் அதன் சாப்பாடு. மனுஷரைத் துரத்தி அதற்கு ஆகப்போவது எதுவும் இல்லை. தொந்தரவு செய்தால் ஓடும், சில சமயம் எகிறிக் குதிக்கும், கூரையிலிருந்து தொப்பென்று விழும். குதிக்கவே குதிக்காது என்று வீட்டார் சமாதானம் சொல்லாமல் இருப்பது நல்லது. ஒரே ஒரு தடவை குதித்துவிட்டால் அதுவரை சொன்ன மற்ற உண்மைகளும் சேர்ந்து போய்விடும்.

கடிக்குமா என்றால், கையால் அழுத்தினால் கடிக்கும். வலியும் வீக்கமும் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் ஒத்தடம் கொடுத்தால் வழக்கமாக ஓரிரு நாளில் அடங்கிவிடும். உயிருக்கு ஆபத்தான விஷம் இல்லை. மூச்சுத் திணறல், உடம்பு முழுக்கத் தடிப்பு என்று ஒவ்வாமை அறிகுறி தெரிந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரி. அது தேனீ கொட்டினாலும் பொருந்தும் விதி.

"மேல ஓடினா கொப்புளம் வரும், அது ஒண்ணுக்கு அடிச்சா அக்கி வரும்" என்று பெரியவர்கள் சொல்வதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் பலருடைய பயத்தின் அடிவேரே இதுதான். அக்கி என்பது சின்னம்மை வைரஸ் நரம்பில் பல வருஷம் தங்கியிருந்து மறுபடி கிளம்புவது. சிலந்திக்கு அதில் பங்கில்லை. கோடு இழுத்தது போல வரும் எரிச்சல் கொப்புளத்துக்குப் பெரும்பாலும் வேறொரு குற்றவாளி உண்டு. மழைக்காலத்தில் டியூப் லைட்டைத் தேடி வரும் ஒரு சின்ன வண்டு அது. பேடரஸ் என்று பெயர். 7 முதல் 10 மில்லிமீட்டர் நீளம், ஆரஞ்சும் கறுப்புமாக மாறி மாறி இருக்கும், பார்த்தால் எறும்பு என்றே தோன்றும். கழுத்தில் ஊர்வதைத் தேய்த்து நசுக்கினால் அதன் உடம்பில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்துக் கொப்புளமாக எழும்பும். இடைவெளி அவ்வளவு நீளமாக இருப்பதால் நசுக்கியது ஞாபகத்தில் இருக்காது, சுவரில் பார்த்த பெரிய சிலந்திதான் ஞாபகத்தில் இருக்கும். பழி அதன் தலையில் விழுந்துவிடுகிறது. அந்த வண்டு மேலே உட்கார்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள், இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.

உண்மையிலேயே தள்ளி நிற்க வேண்டிய ஒன்றும் உண்டு. பொசிலோதேரியா என்ற மரவாழ் டாரன்டுலாக்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கின்றன. ரோமம் அடர்ந்த கனத்த கால்கள், சாம்பல் நிறத்தில் சித்திர வேலைப்பாடு, காலின் அடிப்பக்கம் மஞ்சள் தெறிக்கும். மரப்பொந்துதான் இருப்பிடம் என்றாலும், காட்டை ஒட்டிய பழைய கட்டிடங்களுக்குள்ளும் வரும். இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் பழைய ஆஸ்பத்திரி விடுதியில்கூடக் கிடைத்திருக்கிறது. கடித்தால் கடும் வலியும், நாள்கணக்கில் தசைப்பிடிப்பும் வரலாம். இதைப் பிடிக்க முயலாதீர்கள். நகரத்து அடுக்குமாடியில் பார்த்தது இதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பிடிக்கும் சாமான்

மூன்றே பொருள், எப்போதும் ஒரே ஆணியில் அல்லது ஒரே அலமாரியில். முதலாவது, வாய் 14 சென்டிமீட்டருக்குக் குறையாத, கண்ணாடி போல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. பார்சல் குழம்பு வரும் சின்ன டப்பா போதாது. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட வட்ட டப்பா வேண்டும். உயரம் 8 சென்டிமீட்டராவது இருக்கட்டும், இல்லாவிட்டால் சிலந்தி கைக்கு மிக அருகில் ஓடுவது போலத் தெரிந்து டப்பாவைக் கைவிட்டுவிடுவீர்கள். இரண்டாவது, பழைய எக்ஸ்ரே ஃபிலிம். தினசரிக் காலண்டர் அட்டை கெட்டிதான், ஆனால் தடிமன் அதிகம். செருகும்போது டப்பா சுவரை விட்டு எழும்பும், அந்த இடைவெளியில் கால் வெளியே வரும். கல்யாணப் பத்திரிகை அளவில் பத்தாது. எக்ஸ்ரே ஃபிலிம் மெல்லிசு, வளையும், மடங்காது, வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது, டார்ச். செல்போன் டார்ச் வேண்டாம். இரண்டு கையும் டப்பாவுக்கு வேண்டியிருக்கும், வேறொருவர் பிடிக்கும் தனி டார்ச்தான் வசதி.

பிடிப்பதற்கு முன் ஃபேனை நிறுத்துங்கள். காற்று அடித்தால் அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். சிலந்தி தோள் உயரத்துக்கு மேல் இருந்தால் முயலவே வேண்டாம். ஸ்டூல்மேல் ஏறி நின்று பதறியவர் விழுந்து கையை உடைத்துக்கொள்வதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய பெரிய காயம். கூரையில் இருந்தால் காத்திருங்கள், அல்லது ஒட்டடைக் கம்பால் அதற்கு ஒரு சாண் பின்னால் சுவரைத் தட்டித் தட்டிக் கீழே ஓட்டுங்கள். கம்பை அதன்மேல் வைத்தால் கம்பு வழியாகவே இறங்கி வரும்.

டப்பாவைச் சுவருக்கு நேர் எதிராக, மெதுவாகக் கொண்டு போங்கள். பக்கவாட்டிலிருந்து போனால் நிழல் முன்னால் விழுந்து எதிர்ப்பக்கம் நழுவிவிடும். ஒரு சாண் தூரம் வந்ததும் தயங்காமல், ஆனால் அறையாமல், பொத்துங்கள். அறைந்தால் விளிம்பில் கால் நசுங்கும். கால் இழந்த சிலந்தியைப் பார்ப்பது பயந்தவருக்கு இன்னும் மோசம். ஒரு கால் வெளியே மாட்டியிருந்தால் டப்பாவை ஒரு நெல் அளவுக்குத் தளர்த்துங்கள், அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது அவசரம் முடிந்தது. டப்பாவைப் பிடித்தபடியே நூறு எண்ணுங்கள். கை நடுக்கம் குறைந்த பிறகு ஃபிலிமைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செருகுங்கள்; அதுவாகவே ஃபிலிம்மேலோ டப்பா மேலோ காலை எடுத்து வைக்கும்.

எங்கே தவறும் என்றால் மூன்று இடத்தில். மணல் பூச்சு சொரசொரப்பாக இருக்கும் வெளிச்சுவரில் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விழும். அங்கே பிடிக்காமல் வழவழப்பான டைல்ஸ் வரும்வரை விடுங்கள். கதவு நிலை, சுவிட்ச் போர்டு ஓரங்களிலும் இதே கதை. கடைசியாக, விடும்போது. டப்பாவை நிமிர்த்தி மூடியைத் திறந்தால், வழவழப்பான பக்கத்தில் ஏறி நேராகக் கைக்கு வரும். வாய் தரையைப் பார்க்க வைத்து, ஃபிலிமை உருவிவிட்டு, டப்பாவின் தூரப் பக்க விளிம்பை மட்டும் உயர்த்துங்கள். அது உங்களுக்கு எதிர்த்திசையில் போகும். வீட்டுச் சுவரை விட்டு இருபது முப்பது அடி தள்ளி, செடி அடியிலோ மரத்தடியிலோ விடுவது நல்லது.

உடலுக்கு அடியில் வெண்மையான வட்டத் தகடு போல ஒன்றைச் சுமந்துகொண்டு நின்றால் அது முட்டைப் பை. பெண் சிலந்தி அதைப் பொரியும்வரை தூக்கிக்கொண்டே திரியும், அந்தக் காலத்தில் இரை தேடுவதையும் விட்டுவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் குஞ்சுகள். விளக்குமாற்றால் அடிப்பதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது: பொரியும் தறுவாயில் பை கிழிந்தால் எல்லாம் அறைக்குள்ளேயே சிதறும். டப்பா முறைதான், பையோடு சேர்த்து வெளியே.

பூச்சி ஸ்பிரேயைப் பயந்தவர் கையில் கொடுக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. மருந்து பட்டதும் அது உடனே சாகாது. நரம்பு துடிக்க, எந்தத் திசை என்று தெரியாமல் வெறிபிடித்தது போல ஓடும், கூரையிலிருந்து விழும், காலை உதறும். பயந்த மூளை அதைத்தான் "தாக்க வந்தது" என்று பதிவு செய்துகொள்ளும். கரப்பானுக்கு வைக்கும் பசை அட்டையும் அப்படியே. ஒட்டிக்கொண்ட சிலந்தி வெகுநேரம் உயிரோடு நெளியும், கூடவே பல்லியும் ஒட்டும், அதை எடுத்துப் போடவும் ஒரு ஆள் வேண்டும். அந்துருண்டை மூடிய பீரோவுக்குள் துணிப்பூச்சிக்கு மட்டும். காற்றோடும் அறையில் நான்கு மூலையில் போடுவதால் மூக்குதான் எரியும்.

வரத்தைக் குறைப்பது

சிலந்தி வருவது கரப்பானுக்காக. கரப்பான் ஒழிந்த வீட்டில் அது தங்காது. ஜெல் மருந்தை மிளகு அளவுப் பொட்டுகளாக சிங்குக்கு அடியில், சமையலறை அலமாரிக் கீல்களில், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், கேஸ் அடுப்பு மேடையின் அடியில் வைக்கலாம். ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது, இரண்டும் வீண். இந்த ஒரு தப்பைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள்.

அடுத்தது ஓட்டைகள். ஏசி குழாய் போகும் துளையைச் சுற்றி மேஸ்திரி விட்டுப்போன சந்து, பாத்ரூம் வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டிகள், தரைச் சாக்கடை ஜாலி, கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி. முதலாவதற்கு எம்-சீலோ வெள்ளை சிமென்டோ. வென்டிலேட்டருக்கு உட்புறம் நைலான் வலை, வெல்க்ரோ பட்டையோடு. ஜாலிக்கு ராத்திரி ஒரு மூடி. கதவுக்கு அடியில் திருகி மாட்டும் பிரஷ் பட்டை. ஒட்டும் ரப்பர் பட்டை நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் உரிந்துவிடும்.

வாசல் விளக்கை வெள்ளையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால் பூச்சி வருவது கணிசமாகக் குறையும், பூச்சி குறைந்தால் அதைத் தின்ன வருவதும் குறையும். பகலில் அது ஒளியும் இடங்கள் பீரோ பின்பக்கம், சாமி படங்களின் பின்னால், திரைச்சீலை மடிப்பு, அட்டைப்பெட்டி அடுக்கு. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைப்பதைவிட ஒரு சாண் தள்ளி வைத்து, டார்ச் அடித்தால் பின்பக்கம் முழுக்கத் தெரியும்படி விடுங்கள். தெரியாத இடுக்குதான் பயத்தைத் தீனி போட்டு வளர்க்கிறது. அட்டைப்பெட்டிகளுக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி.

போகிக்குப் பரண் இறக்குவது தனிப் பஞ்சாயத்து. பயந்தவரைப் பரண்மேல் ஏற்ற வேண்டாம். ஏணி உச்சியில் பதறுவது ஆபத்து. ஆனால் வீட்டை விட்டே அனுப்பிவிடவும் வேண்டாம். கீழே நின்று இறக்கும் பெட்டிகளை வாங்கி வெயிலில் வைக்கும் வேலையைக் கொடுங்கள்.

பயத்தை வேலை செய்ய வைப்பது

பார்த்ததும் ஓடிவிட்டால் நெஞ்சுத் துடிப்பு உடனே குறையும். அந்த நிம்மதிதான் பொறி. ஓடினதால்தான் தப்பித்தேன் என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஓடச் சொல்கிறது. இதைத் திருப்புவது எக்ஸ்போஷர் தெரபி: பயப்படும் பொருளோடு, திட்டம் போட்டு, படிப்படியாக, ஓடாமல் இருக்கப் பழகுவது. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஊஸ்ட் 1989-ல் வெளியிட்ட முறையில், அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்விலேயே இதைச் செய்கிறார்கள். நல்ல சிகிச்சையாளர் கிடைத்தால் அது நடக்கும். வீட்டில் நாமாகச் செய்யும்போது வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, அரை மணி நேரம் என்று பிரித்துக்கொள்வதுதான் தாங்கும்.

மயக்கம் போட்டு விழுந்துவிடுவேனோ என்று பலர் கேட்பார்கள். மயக்கம் வர ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். ரத்தம், ஊசி பார்த்துப் பயப்படுபவர்களுக்கு அப்படி இறங்குவதுண்டு. சிலந்திப் பயத்தில் அழுத்தமும் துடிப்பும் ஏறும். தலை கிறுகிறுப்பது வேகமாக மூச்சு வாங்குவதால் வருவது. மூச்சை நீளமாக வெளியே விட்டால் தணியும்.

படிகள் அவரவர் பயத்துக்கு ஏற்ப மாறும், ஆனால் இந்தச் சிலந்திக்கு ஏற்ற வரிசை ஒன்று சொல்கிறேன். கோட்டோவியம், அப்புறம் செல்போனில் தீப்பெட்டி அளவுப் படம், அதையே திரை முழுக்க, சத்தமில்லாத வீடியோ. இங்கிருந்து நேராக உயிருள்ளதற்குத் தாவுவதில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். நடுவில் வைக்க அருமையான பொருள் ஒன்றை அதுவே விட்டுச் செல்கிறது: உரித்த தோல். வளரும்போது சிலந்தி எட்டுக் காலும் முழுசாக இருக்க, தோலைச் சட்டை போலக் கழற்றிப் போடும். பரண் ஓரத்தில் தொங்கும் அதைப் பார்த்து இரண்டாவது சிலந்தி என்று அலறியவர்கள் ஏராளம். காற்றில் லேசாக ஆடும், முதுகுப் பக்கம் மூடி திறந்தது போல இருக்கும், எடை இருக்காது. வீட்டில் யாராவது அதை ஒரு கண்ணாடி டப்பாவில் பஞ்சின்மேல் எடுத்து வைக்கட்டும். பத்தடி தூரத்தில் தொடங்கி, மேஜைமேல், மடியில், பிறகு மூடி திறந்து, பிறகு பென்சில் நுனியால், பிறகு விரலால். தோலைத் தொட்டவருக்கு உயிருள்ளது இருக்கும் டப்பாவைத் தொடுவது பெரிய தூரமில்லை.

கையின் பழக்கத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ரப்பர் சிலந்தி ஒன்றைச் சுவரில் செல்லோடேப்பால் ஒட்டி, டப்பாவைப் பொத்தி, ஃபிலிமைச் செருகி, எடுத்துப் போய் வெளியே விடும் முழுச் சுற்றையும் ஒரு நாளைக்கு இருபது தடவை. சலிக்கும்வரை செய்யுங்கள், சலிப்பது நல்ல அறிகுறி. நிஜத்தில் மூளை உறையும் நேரத்தில் கை தானாக நகர வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், அது நடக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு. "டப்பாவைத் தட்டித் திறந்து என் முகத்துக்கு வரும், 80" என்பது போல. முடிந்தபின் என்ன நடந்தது என்று மூன்றாவது வரி. பயம் குறைந்ததா என்பதைவிட, எதிர்பார்த்தது நடந்ததா என்பதே இங்கே முக்கியம். பயம் குறையாமல் எதிர்பார்ப்பு மட்டும் பொய்த்தாலும் அந்த நாள் வெற்றிதான். அருவருப்பு வேறு கணக்கு. பயம் இறங்கிய பிறகும் உடம்பு கூசுவது கொஞ்ச காலம் நிற்கும். அதைப் பார்த்து ஒன்றும் மாறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

பயிற்சி வீணாகும் வழிகளும் தெரிந்திருக்கட்டும். உச்சத்தில் எழுந்து ஓடுவது முதலாவது. படி பெரிதாகிவிட்டால் இரண்டடி பின்னால் போய் நில்லுங்கள், அறையை விட்டுப் போகாதீர்கள். தலையைத் திருப்பிக்கொண்டு உட்கார்வது, போர்வையைச் சுற்றிக்கொள்வது, அம்மா கையைப் பிடித்துக்கொள்வது போன்ற கவசங்கள் முதல் ஒன்றிரண்டு தடவைக்கு மட்டும். எப்போதும் ஹாலிலேயே செய்வதும் தவறு. ஹாலில் தைரியம் வந்தவர் பாத்ரூமில் பழையபடி நடுங்குவார். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள். பயிற்சிக்கு முன் பதற்றம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டால், தைரியம் முழுக்க மாத்திரையின் கணக்கில் போய்விடும்.

கொசுவலைக்குள் தூங்குவது கவசம்தானே என்றால், ஆமாம். ஆனாலும் அதை உடனே பறிக்க மாட்டேன். தூக்கம் கெட்டவரால் எதையும் பழக முடியாது, கொசுவுக்கும் வலை வேண்டியிருக்கிறது. வலையைக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் படுக்கும் முன் டார்ச் அடித்து நான்கு மூலையும் பார்ப்பதை ஒரே ஒரு தடவையோடு நிறுத்துங்கள். இரண்டாவது தடவை பார்க்கக் கை போகும்போதுதான் பயம் பேசுகிறது.

வீட்டாருக்கு

கத்துவதற்குப் பதில் தகவல் சொல்லப் பழகலாம். எங்கே, எந்த உயரம், அசைகிறதா: "அத்தை, ஹால்ல டியூப் லைட்டுக்குக் கீழ, அசையல." இவ்வளவு போதும். "யம்மாடி எவ்ளோ பெருசு" வேண்டாம்.

பீரோவுக்குப் பின்னால் போய்விட்டால் "அது வெளில போயிடுச்சு, தூங்கு" என்று பொய் சொல்லாதீர்கள். மறுநாள் அதே சுவரில் நின்றால் உங்கள் பேச்சுக்கு அப்புறம் மதிப்பில்லை. "பீரோவுக்குப் பின்னாடிதான் இருக்கு. காலைல பார்ப்போம்" என்பது கேட்கக் கசந்தாலும் தாங்கக்கூடியது. ரப்பர் சிலந்தியைத் தட்டில் வைத்துச் சிரிக்கும் அண்ணன், மாமா யாராக இருந்தாலும், பயிற்சி நடக்கும் காலத்தில் அந்த விளையாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்லாமல் திடீரென்று வருவது பயிற்சியில் சேராது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பயந்தவர் கத்துவதை அடக்க முடியாவிட்டாலும், பிடித்து வெளியே விடும் வேலையைப் பிள்ளைகள் பார்க்கும்படி இன்னொருவர் செய்யட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கட்டும்.

வண்டி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். காலியாகத் தொங்கும் ஹெல்மெட், கார் சன் வைசர், ஷூ இவை மூன்றும் அதற்குப் பிடித்த இருட்டு. ஹெல்மெட்டைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டுவது ஒரு நொடி வேலை. கார் ஓடும்போது தென்பட்டால் கையால் தட்டிவிட முயலாமல் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டி, நான்கு விளக்கையும் எரியவிட்டு, இறங்குங்கள். சிலந்தி காருக்குள் இருக்கும்போது ஓட்டியே தீருவது பயிற்சியில் எந்தப் படியும் இல்லை.

ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையோ வேலையையோ, வீட்டின் ஒரு பகுதியைப் புழங்குவதையோ பயம் தடுக்கிறது என்றால் அது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய போபியா. வெட்கப்பட ஒன்றுமில்லை, சிகிச்சைக்கு நன்றாகப் படியும் வகைகளில் இது ஒன்று. அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம். போனில் பேச இந்திய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம், 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலங்கையில் கூப்பிட வேண்டிய எண் 1926. பேசும்போது ஒன்றைத் திட்டமாகக் கேளுங்கள்: "சிலந்திப் பயத்துக்கு எக்ஸ்போஷர் தெரபி செய்வீங்களா, எத்தனை அமர்வு ஆகும், உயிருள்ள சிலந்தியை வச்சுச் செய்வீங்களா?" வெறும் ஆறுதல் பேச்சும் மாத்திரையும் மட்டுமே என்று பதில் வந்தால் இன்னொரு இடம் பாருங்கள். போகும்போது பஞ்சில் வைத்த அந்த உரித்த தோல் டப்பாவையும் எடுத்துப் போங்கள். முதல் அமர்வுக்கு வேண்டிய சாமான் சிகிச்சையாளரிடம் இல்லாமல் போகலாம்.